முத்திரை குத்திய ரூப்பியா: கிளர்ச்சிக் காலப் பணம் எப்படிச் செல்லுபடியாகிறது?

பினாங்கிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்தால் சுமத்திரா. அத்தீவின் மேற்குக் கரையிலுள்ள பாடாங் நகரில் 1958 பிப்ரவரி 15ஆம் நாள், ஜாகர்த்தாவிலிருந்த இந்தோனேசிய நடுவண் அரசுக்கு எதிராகப் பி.ஆர்.ஆர்.ஐ. (இந்தோனேசியக் குடியரசின் புரட்சி அரசு) என்னும் அரசு அறிவிக்கப்பட்டது. தாங்கள் ரப்பரும் கொப்பரையும் விற்று ஈட்டும் அந்நியச் செலாவணி தலைநகர் இருக்கும் ஜாவா தீவுக்கே போய்ச் சேர்கிறது என்பது சுமத்திரா போன்ற வெளித்தீவுகளின் நெடுநாள் மனக்குறை. புரட்சி அரசின் பிரதமராகப் பொறுப்பேற்ற ஷாஃப்ருடின் பிரவிரநெகாரா, அதற்குச் சற்றுமுன்வரை இந்தோனேசிய மத்திய வங்கியின் ஆளுநராக இருந்தவர். 1950இல் நிதியமைச்சராக இருந்தபோது, டச்சுக் காலத்து நோட்டுகளில் 5 கில்டரும் அதற்கு மேற்பட்டவையும் இரண்டாக வெட்டப்பட வேண்டும் என்று ஆணையிட்டு, இடப்பாதியைப் பாதி மதிப்புள்ள பணமாகவும் வலப்பாதியை அரசுக் கடன் பத்திரத்துக்கு ஈடாகவும் ஆக்கியவரும் அவரே. பணத்தின் சூட்சுமம் அறிந்த ஒருவர் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியது வரலாற்றில் அபூர்வம்.

கிளர்ச்சியாளர் புழக்கத்திலிருந்த இந்தோனேசிய ரூப்பியா நோட்டுகளின் மீதே தங்கள் அரசின் பெயரைக் குத்திப் பயன்படுத்தினர். நீர்க்குறியிட்ட தாள், செதுக்குத் தகடு, நுண்கோடுகளை அச்சிடும் இயந்திரம் ஆகியவற்றுக்கு வழியில்லாத படைக்கு இது மிக மலிவான உத்தி. போலி செய்யக் கடினமான பகுதி முழுவதையும் எதிரியே அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறான். ஆனால் குத்தப்படும் முத்திரையை எவரும் செதுக்கிக்கொள்ளலாம் என்பதால், நோட்டின் பாதுகாப்பு அதன் மிகப் பலவீனமான பகுதியின் அளவுக்கே நிற்கிறது. அதோடு, முத்திரை பதிந்த நோட்டு நாளை அரசுப்படை ஊருக்குள் வந்தால் வில்லங்கமாகலாம். ஆகவே கையில் இரண்டு வகையும் உள்ளவர் முத்திரை குத்தியதை முதலில் செலவழித்து, குத்தாததைப் பெட்டியில் பூட்டிவைப்பதே அறிவுடைமை. கெட்ட பணம் நல்ல பணத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டும் என்னும் கிரெஷாம் விதி இவ்வாறுதான் இயங்குகிறது.

அப்படியானால் அத்தகைய தாளை மக்கள் வாங்குவது ஏன்? வரியாகவும் அபராதமாகவும் அதையே அரசு ஏற்பதும், படைவீரருக்கு அதிலேயே சம்பளம் தருவதும் முதற்காரணம். மீதி, நோட்டுகளின் எண்ணிக்கைக்கும் அவற்றைக் கொண்டு வாங்கக்கூடிய பொருள்களுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. ஆட்சிப்பகுதி சுருங்கும்போது பொருள் குறைகிறது, நோட்டு குறைவதில்லை. கையில் வைத்திருக்க அஞ்சி எல்லாரும் விரைந்து கைமாற்றுவதால் விலை இன்னும் வேகமாக ஏறுகிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்க உள்நாட்டுப் போரின் தென்மாநிலக் கூட்டமைப்பு. வடக்குடன் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டபின் பணம் தருவதாக அதன் நோட்டுகளிலேயே அச்சிடப்பட்டிருந்ததால், அவை ஏறக்குறைய வெற்றியின் மீது கட்டிய பந்தயமாகவே இருந்தன. போர் முடியும் தறுவாயில் விலைவாசி தொடக்கத்தைப் போல் சுமார் 90 மடங்காகியிருந்தது. ஆயினும் 1864 பிப்ரவரியில் பழைய நோட்டுகளைக் கடன் பத்திரமாக மாற்றும்படியும், மாற்றாதவற்றின் மதிப்பில் மூன்றிலொரு பங்கைக் கழிக்கும்படியும் சட்டம் வந்தபோது, படைகள் பின்வாங்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில் விலைகள் சிறிது காலம் இறங்கின. போர்ச்செய்தியைவிட நோட்டுகளின் அளவே வலியது என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடைப்பது அரிது.

பினாங்குக்கு இப்பாடம் முன்பே கிடைத்திருந்தது. ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டுகளில், தொடக்கத்தில் வரிசை எண் இருந்தவற்றிலும் பின்னர் எழுத்துகள் மட்டுமே எஞ்சின. 1945இல் 1000 வெள்ளி (டாலர்) நோட்டு வரை வந்து, போர் முடிந்ததும் அவை செல்லாக்காசாயின. எனவே சுமத்திராவின் ரப்பர் கடல் தாண்டி இங்கு வந்தபோது, கிளர்ச்சி நோட்டை விலையாக ஏற்க வணிகருக்கு எக்காரணமும் இல்லை. பண்டமாற்றோ மலாயா வெள்ளியோதான் பேசியது.

இன்று இந்நோட்டுகளைத் தேடுவோர் சேகரிப்பாளரே. பழைய நோட்டொன்றில் அண்மையில் முத்திரை குத்தினால், மடிப்பில் முறிந்த இழைகளுக்குள் மை ஊறிப் பரவும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் அது தெரியும். ஆனால் அக்காலத்திலேயே மடிந்து நைந்த நோட்டுகளின் மீதும் முத்திரை விழுந்திருக்கக்கூடுமாதலால், இந்த ஒரு தடயத்தைக் கொண்டு மட்டும் போலி என்று தீர்மானிக்க இயலாது. மையின் வேதிக்கூறையும் சேர்த்து ஆராய வேண்டும்.