தொலைவை வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடாது

பயண முகவர்களான எங்களிடம் வருவோரில் பலர், இரு நகரங்களுக்கு இடையிலான வான்வழித் தொலைவை இணையத்தில் பார்த்து, அதை விமானத்தின் வேகத்தால் வகுத்து, கிடைத்த விடையை நம்பி விடுதி அறையையும் அடுத்த விமானத்தையும் பதிவு செய்துவிட்டே வருகிறார்கள். பிறகு தேதியை மாற்ற அவர்கள் செலவழிக்கும் பணத்தைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

டோக்கியோவுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையிலான தொலைவு ஏறத்தாழ 8,800 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வைத்தால் 10 மணி நேரத்துக்குள் போய்விடலாம். டோக்கியோவிலிருந்து புறப்படும்போது கணக்கு ஏறக்குறைய சரியாகவே இருக்கும். ஆனால் வட பசிபிக்கின் மேல், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகமான காற்றோட்டம் திரும்பும் வழியில் எதிர்க்காற்றாகிவிடுவதால், அதே தொலைவைக் கடக்க 12 மணி நேரம் வரை ஆகலாம். குளிர்காலத்தில் அந்தக் காற்று இன்னும் வலுவானது.

பாதையும் நிலையானதன்று. 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டபோது, ஹெல்சிங்கி–டோக்கியோ விமானங்கள் சுற்றிச் செல்ல நேர்ந்து, 9½ மணி நேரப் பயணம் ஏறத்தாழ 13 மணி நேரமாக நீண்டது.

இவற்றைவிட அதிகமாக மக்களைத் தடுமாற வைப்பது தேதிதான். பயணச்சீட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள். குளிர்காலத்தில் டோக்கியோவில் மாலை 5 மணிக்குப் புறப்படுபவர், லாஸ் ஏஞ்சல்ஸில் அதே தேதியில் காலை 10 மணிக்கு இறங்குவார். அங்கிருந்து நண்பகலில் கிளம்புபவரோ மறுநாள் மாலைதான் டோக்கியோவை அடைவார். சேரும் நேரத்தின் ஓரத்தில் சிறிதாக அச்சிடப்படும் '+1' என்பதன் பொருள் அதுவே. அதைக் கவனிக்காத ஒரு தம்பதியர் புறப்படும் தேதிக்கே டோக்கியோவில் அறை எடுத்திருந்தார்கள். அன்றிரவு அவர்கள் வராததால் விடுதி அந்த இரவின் வாடகையைப் பிடித்துக்கொண்டதோடு, மீதி நாட்களின் பதிவையும் ரத்து செய்துவிட்டது. முதிய வயதில், நீண்ட பயணக் களைப்போடு, வரவேற்பு மேசையில் நின்றபடி அவர்கள் வேறு அறை தேட வேண்டியிருந்தது.

இடையில் விமானம் மாற வேண்டியிருந்தால் இரண்டு பயணங்களையும் ஒரே பதிவில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அந்த இழப்பு பெரும்பாலும் உங்களுடையதே. பல விமான நிலையங்களில் பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்கவும் வேண்டும். அமெரிக்கா வழியாக வேறு நாட்டுக்குச் செல்பவர்கள்கூட அங்கே குடிவரவுச் சோதனையை முடித்தாக வேண்டும் என்பதால், மாறுவதற்கு 3 மணி நேரமாவது இருக்கும்படிதான் நான் பதிவு செய்கிறேன். பணம் கட்டுவதற்கு முன், இறங்கும் ஊரின் தேதியை முகவரிடம் வாய்விட்டுக் கேட்டு, அதன் பிறகே விடுதி அறையைப் பதிவு செய்யுங்கள்.