முழுகிய வீடு: ஃபோர்குளோஷர் என்னும் சொல்

போன மாதம் தங்கச்சிமடத்தில் எங்கள் தெரு அக்கா ஒருவர் ஒரு தாளை நீட்டினார். "தம்பி, வீட்டை எடுத்துக்கிறோம்னு பேங்க்ல எழுதிக் குடுத்துட்டாங்களாம்ல? மருமகன் சொல்றாரு." தாளின் தலையில் 'ஃபோர்குளோஷர் ஸ்டேட்மெண்ட்' என்றிருந்தது. மருமகன் அந்தச் சொல்லைக் கைபேசியில் தேடியிருக்கிறார். அமெரிக்காவில் வீட்டுச் சாமான்களோடு தெருவில் நிற்பவர்களின் படமாக வந்து விழுந்திருக்கிறது. உண்மையில் அது, தவணைக்காலம் முடியுமுன்பே கடனை மொத்தமாக அடைக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கு. அக்காவின் வீட்டுக்காரர் கடலுக்குப் போகுமுன் கேட்டு வைத்தது.

அக்காவும் மருமகனும் பயந்ததில் தப்பே இல்லை. வீடு போவதற்கும் இதே சொல், வீடு மீள்வதற்கும் இதே சொல்.

பழைய பிரெஞ்சில் 'ஃபோர்க்ளோர்' என்றால் வெளியே நிறுத்திக் கதவடைப்பது. ஆங்கிலச் சட்டத்துக்கு வந்தபோது, அடைமானம் வைத்தவர் பணம் கட்டி மீட்கும் உரிமையை இனி இல்லையென்று அடைப்பதைக் குறித்தது. நம் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 67ஆம் பிரிவிலும் இதே பொருள்தான். வங்கிக் கவுண்டரில் மட்டும் கடனை முன்கூட்டி முடிப்பது என்றாகிவிட்டது. மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு ஃபோர்குளோஷர் கட்டணம் வாங்கக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2012இல் சொன்னதும் இந்தப் பொருளில்தான்.

தமிழில் இந்தக் குழப்பம் கிடையாது. 'ஒற்றி' என்றால் மீட்கக்கூடிய ஈடு. சுந்தரர் ஆரூர் இறைவனிடம் "விற்றுக் கொள்வீர், ஒற்றி அல்லேன்" என்கிறார்: நான் மீட்டுக்கொள்ளும் பொருளல்ல, முழுசாக உமக்கே ஆள் என்று. இன்றும் நம் பக்கம் 'ஒத்திக்கு வீடு' என்கிறோம். அடமானம் என்பது அடைமானம். அதிலுள்ள மானம் வருமானம், பெறுமானத்தில் வரும் மானமே ஒழிய, தன்மானம் அல்ல. டீக்கடையில் சிலர் அப்படிப் பிரித்துச் சிரிப்பதுண்டு.

ஜப்தி அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. ஏலம் போர்த்துகீசியரின் 'லெய்லாவ்'. பாம்பன் கரையில் மீனையும் ஏலம்தான் விடுகிறார்கள், பேப்பரில் வரும் வீட்டுக்கும் ஏலம்தான்.

ஆனால் நம் பெண்கள் சொல்லும் சொல்லே எனக்கு உசத்தி. அடகு வைத்த சங்கிலி கெடு தாண்டிவிட்டால் "நகை முழுகிப் போச்சு" என்பார்கள். இதைவிடப் பொருத்தமான தமிழ் எந்த அகராதியிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்காவிலும் கடன்தொகைக்குக் கீழே விலை இறங்கிய வீட்டைத் தண்ணீருக்கடியில் போன வீடு என்கிறார்கள். 1964இல் தனுஷ்கோடியைக் கடலுக்குக் கொடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நகை முழுகினால் ஊர் "பாவம்" என்கிறது. வீடு என்றால் பேச்சு மாறிவிடுகிறது. எங்கள் தெருவிலேயே இரண்டு வருடம் முன்பு ஒரு பச்சைக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த வீட்டுக்காரர் அதன்மேல் வலையை விரித்துத் தொங்கவிட்டார், காயப்போடுவது போல. "பவுசுக்கு மாடி கட்டினா இப்படித்தான்" என்றார்கள். அவருடைய விசைப்படகு இலங்கைக் காவலில் கிடந்தது எல்லாருக்கும் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குத் தடைக்காலம். தவணைக்குத் தடைக்காலம் ஏது?

இது நம் ஊர்ப் புத்தி மட்டுமல்ல. 2009 பிப்ரவரியில் வீடிழக்கவிருந்தவர்களுக்கு ஒபாமா 7,500 கோடி டாலர் திட்டம் அறிவித்த மறுநாளே, சிகாகோ சந்தைத் தளத்தில் நின்றபடி ரிக் சான்டெல்லி என்ற தொலைக்காட்சிக்காரர், பக்கத்து வீட்டுக்காரன் கடனைக் கட்ட உங்களில் யார் தயார் என்று கேட்டார். சுற்றி நின்ற தரகர்கள் கூச்சலிட்டு அவர் பக்கம் நின்றார்கள். திருப்பிக் கட்ட முடியாதென்று தெரிந்தே கடனை அள்ளிக் கொடுத்தவர்களைப் பற்றி அந்தக் கூட்டத்துக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. 'கட்டலை' என்பதற்கும் 'கட்ட முடியலை' என்பதற்கும் நடுவே ஒரு சொல்தான். ஊர் அதைத்தான் விழுங்கிவிடுகிறது.

நோட்டீஸ் என்றதும் வீடு போய்விட்டது என்று ஊர் முடிவு கட்டுவதும் அவசரம். தவணை 90 நாள் நின்றால் வராக்கடன். ஈட்டுச் சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கி எடுக்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் கெடு கொடுத்த பிறகே, சொத்தை வங்கி கைக்கொள்வதாகச் சொல்லும் 'சுவாதீன அறிவிப்பு' கதவிலும் இரண்டு பத்திரிகைகளிலும் வரும். அதன்பிறகும் மதுரைக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள் உண்டு. ஏலத்தில் கடன் போக மிஞ்சும் பணம் வீட்டுக்காரருடையது.

ஆக, சட்டப்பொருளுக்கு 'மீட்புரிமை நீக்கம்' என்று எழுதலாம். பேச்சுக்கு 'வீடு முழுகுதல்' போதும். வங்கிப்பொருளுக்கு 'கடன் முன்முடிப்பு' என்று வைத்திருந்தேன். அக்காவிடம் அதைச் சொல்லி விளக்கியதும் தாளை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அப்ப வீட்டைத் திருப்பிறலாம்னுதான போட்டிருக்கு? அதச் சொல்லுங்க தம்பி."