மானியமா, நல்கையா?

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எப்படியும் இங்கே வந்து நிற்கும்: "ஸ்கூல் கிராண்ட் ஏறிடுச்சா சார்?" எழுத்தில் அதுதான் 'பள்ளி மானியம்'. ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை வரும் தொகை இது. ஆய்வகத்தில் உடைந்த குடுவைக்கு மாற்று வாங்குவது, கணிதக் கருவிகள், கரண்ட் பில், இன்டர்நெட், கழிப்பறைத் தூய்மை எல்லாம் இதற்குள்தான் முடிய வேண்டும். உரத்துக்கும் கேஸ் சிலிண்டருக்கும் அரசு தருவதையும் மானியம் என்றே சொல்கிறோம். வேலையால் வேறான இரண்டுக்கு ஒரே பெயர்.

மானியம் வடமொழியின் 'மான்ய' என்பதிலிருந்து வந்தது. மதிப்புக்குரியது என்று பொருள். ஒருவரை மதித்து, வரி நீக்கியோ குறைத்தோ கொடுத்த நிலத்துக்கு அது பெயரானது. கோயில் மானியம், ஊர்ப் பணியாளர்களுக்கான ஊழிய மானியம் என்றெல்லாம் பழைய வருவாய்க் கணக்குகளில் பார்க்கலாம். வரியில்லா நிலத்துக்குக் கல்வெட்டுகள் வைத்திருக்கும் நல்ல தமிழ்ச் சொல் 'இறையிலி'. கல்விக்கும் அக்காலத்தில் கொடை நிலமாகத்தான் போனது. முதலாம் ராஜேந்திரன் காலத்தில் எண்ணாயிரம் என்ற ஊரில் பொறித்த கல்வெட்டு, 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்த ஒரு கல்விச் சாலைக்குச் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறது.

நிலம் பணமாக மாறியது ஆங்கிலேயர் ஆட்சியில். 1854-இல் வந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு நிதி கொடுக்கும் முறையைப் பரிந்துரைத்தது. இன்றைய 'அரசு உதவி பெறும் பள்ளி' அதன் வழிவந்ததுதான். அந்த நிதி முறையின் ஆங்கிலப் பெயரான 'கிராண்ட்-இன்-எய்ட்' என்பதில் இருந்த 'கிராண்ட்' என்ற சொல்லுக்கு வேர் லத்தீனில் இருக்கிறது: நம்புதல் என்னும் வினை. பிரெஞ்சு வழியாக, வாக்குக் கொடுத்தல் என்ற பொருளோடு ஆங்கிலத்துக்குப் போனது. தமிழில் அதற்கு மானியம் என்று எழுதினார்கள். சட்டமன்றத்தில் துறைவாரியாக வைக்கும் 'மானியக் கோரிக்கை', 1956-இல் சட்டப்படி அமைந்த பல்கலைக்கழக மானியக் குழு, இலங்கையில் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்று அது ஊன்றிவிட்டது.

சரி, இதற்குத் தமிழ்ச் சொல்? நல்கை. 'நல்கு' என்பதிலிருந்து பிறந்தது. கொடு, அருள்செய், அன்பு காட்டு என்று பொருள் விரியும். (நல்குரவு என்றால் வறுமை; அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வான்சிறப்பு அதிகாரத்தில் 17-ஆம் குறள்:

நெடுங்கடலும் தன்நீர்மை குன்றும் தடிந்தெழிலி
தான்நல்கா தாகி விடின்

மேகம் கடலிலிருந்து எடுத்ததைத் திரும்ப நல்காவிட்டால் கடலே தன் இயல்பு குன்றும் என்கிறது குறள். மக்களிடம் வரியாக எடுத்ததை அரசு பள்ளிக்குத் திரும்பத் தருவதற்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. பல்கலைக்கழக நல்கைக் குழு என்று எழுதுவோர் இப்போதும் இருக்கிறார்கள். புதுச் சொல் என்று யாரும் தயங்கத் தேவையில்லை.

விலையில் ஒரு பங்கை அரசு ஏற்பது மானியம். வாங்குகிறவர் பொருளை எடுத்துக்கொண்டு போனதும் விஷயம் முடிந்தது. நல்கை அப்படி முடியாது. சொன்ன வேலைக்காக வருகிறது. திருப்பிக் கட்ட வேண்டாம், ஆனால் கணக்குக் காட்ட வேண்டும். நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தைப் பாருங்கள். தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை: ஆய்வகம் அமைக்க 10 லட்சம், மீதி ஐந்து ஆண்டுகள் அதை நடத்த. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் முப்பரிமாண அச்சுப்பொறி, சென்சார், மின்னணுப் பலகை இவற்றைக் கையால் தொட்டுக் கழற்றி மாட்டிப் பழக வேண்டும் என்பதுதான் நோக்கம். செலவழித்ததற்குப் பள்ளி பயன்பாட்டுச் சான்று தர வேண்டும், அலுவலகத்தில் 'யூ.சி.' என்பது இதைத்தான். அந்தச் சான்றில் பணம் போன வழி தெரியும். எத்தனை பிள்ளைகள் சால்டரிங் பிடித்தார்கள் என்பது தெரியாது. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் கருவிகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினால், சான்று சரியாக இருக்கும், நல்கை வீணாகிவிடும். இதில் ஆசிரியரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. உடைவதற்கும் சேர்த்துத்தான் இந்தப் பணம் என்று மேலிருந்து எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

மானியக் கோரிக்கையை இனி மாற்றுவது கடினம், அது இருக்கட்டும். ஆய்வக நல்கை, ஆய்வு நல்கை, பள்ளி நல்கை என்று எழுதுவதற்கு யாருடைய ஆணையும் வேண்டாம். மாணவரின் படிப்புச் செலவுக்குத் தருவது உதவித்தொகை, அது தனி. பள்ளிப் பிள்ளைகளின் அறிவியல் யோசனைகளை ஊக்குவிக்கும் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் தேர்வாகும் பிள்ளைகளுக்கு வரும் 10,000 ரூபாயை 'விருது' என்கிறார்கள். உண்மையில் அதுவும் நல்கைதான்: மாதிரி செய்து முடித்ததற்குப் பரிசாக வருவதில்லை, யோசனையை மட்டும் பார்த்துவிட்டு, அதைச் செய்து மாவட்டக் கண்காட்சிக்குக் கொண்டு வா என்று மாணவரின் வங்கிக் கணக்கில் முன்கூட்டியே போடுவது.