மாடிஃபை செய்த காருக்குப் பழைய சர்வீஸ் அட்டவணை ஏன் பொருந்தாது

காரோடு வரும் கையேட்டில் இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில், இத்தனைக்கு ஒருமுறை ஸ்பார்க் பிளக் என்று ஒரு அட்டவணை இருக்கும். இன்ஜினுக்குள் இவ்வளவு அழுத்தம், இவ்வளவு வெப்பம், வண்டி இவ்வளவு உயரம் என்று வைத்துச் சோதித்து, அதற்கு மேல் கொஞ்சம் கையிருப்பும் விட்டுத்தான் அந்த எண்களைப் போடுகிறார்கள். ரீமேப் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவது), பெரிய டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் பாகம்), தாழ்த்திய ஸ்பிரிங் என்று நாம் எதைச் செய்தாலும் பெரும்பாலும் அந்தக் கையிருப்பில் இருந்துதான் எடுத்துச் செலவு செய்கிறோம். அதனால் அட்டவணையை அப்படியே பின்பற்றி "நேரத்துக்கு சர்வீஸ் செய்கிறேனே" என்று நிம்மதியாக இருப்பது ஆபத்து. கூடுதல் வெப்பமும் அழுத்தமும் எந்தப் பாகத்தில் போய் இறங்குகின்றன என்று பார்த்து, அங்கே கை வைக்க வேண்டும்.

முதலில் ஆயில், ஏனென்றால் டர்போ வண்டிகளில் முதலில் அடி வாங்குவது அதுதான். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலும். பெரும்பாலான டர்போக்களில் அந்தத் தண்டு பந்து பேரிங்கில் உட்கார்ந்திருப்பதில்லை, மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் அதன் ஒரு முனையை 900 டிகிரி செல்சியஸை நெருங்கும், சில நேரம் தாண்டும் புகை தள்ளிக்கொண்டிருக்கும். வண்டி ஓடும்வரை பாயும் ஆயிலே சூட்டையும் அள்ளிக்கொண்டு போய்விடும். நன்றாக விரட்டி ஓட்டிவிட்டு உடனே இன்ஜினை அணைத்தால் ஓட்டம் நின்றுவிடுகிறது, டர்பைன் பக்கத்துச் சூடு பேரிங் பக்கம் ஊர்ந்து வருகிறது, அங்கே தேங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படிகிறது. தண்ணீரும் சேர்ந்து குளிர்விக்கும் டர்போவில் இது குறைவு, அவ்வளவுதான். பயணத்தின் கடைசிச் சில நிமிடங்களைப் பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏறாமல் மெதுவாக ஓட்டி முடிப்பது இன்றைக்கும் நல்ல பழக்கம்.

ஆயிலைத் தேர்ந்தெடுக்கும்போது டப்பாவில் உள்ள 5டபிள்யூ-30 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அதில் உள்ள 30 முக்கியமாக 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. பேரிங்கின் நெருக்கத்தில் அது 150 டிகிரியிலும் கடுமையான உராய்விலும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதற்கு எச்டிஎச்எஸ் என்று தனி அளவு உண்டு. ஒரே 5டபிள்யூ-30 பெயரில், எரிபொருள் மிச்சம் பிடிக்க மெல்லிசாகச் செய்த ஆயிலும் கிடைக்கும், இந்த அளவு 3.5க்கு மேல் உள்ள ஆயிலும் கிடைக்கும். பூஸ்டைக் கூட்டிய இன்ஜினுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ இன்ஜின் என்றால் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐயின் எஸ்பி தரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். குறைந்த ஆர்பிஎம்மில் பாரம் ஏறும்போது ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் ஒரு கோளாறு இந்த இன்ஜின்களில் வரும், அதை அடக்கும் சோதனையும் 2020இல் வந்த அந்தத் தரத்தில் அடக்கம். எந்த ஆயில் ஊற்றினாலும் சரி, டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதிக்காதீர்கள்.

அப்புறம் ஆயிலில் பெட்ரோல் கலப்பது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். முழு பூஸ்டில் சூட்டைக் கட்டுப்படுத்த வேண்டுமென்றே அதிகம் பெட்ரோல் விட்டு, காற்றை 12 பங்கு அளவுக்குக் கொண்டுவருவார்கள். எரியாத மிச்சத்தில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையவே இல்லை, ஏறிக்கூட இருக்கிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள், அது பெட்ரோலாக இருக்கலாம். மாற்றிய ஆயிலில் ஒரு சிறு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் பெட்ரோல் எவ்வளவு, இரும்புத் துகள் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். சிலிக்கான் அதிகம் என்று வந்தால், புதிதாக மாட்டிய ஏர் ஃபில்டர் தூசியை உள்ளே விடுகிறதா என்று பாருங்கள், ஆனால் இன்ஜினில் சமீபத்தில் தடவிய சீலன்ட் கரைந்தும் சிலிக்கான் காட்டும்.

ஸ்பார்க் பிளக்கில் நடப்பது இயற்பியல் பாடம். ஒரு இடைவெளியைத் தாண்டி மின்பொறி பாய எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்பது வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியின் நீளத்தையும் பெருக்கி வரும் அளவைப் பொறுத்தது என்று ஃபிரீட்ரிக் பாஷன் 1889இல் காட்டினார். பூஸ்டைக் கூட்டினால் பொறி விழும் நேரத்தில் சிலிண்டருக்குள் வாயு இன்னும் நெருக்கமாக இருக்கும், பிளக்குக்கு மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில் அதே இடைவெளியைத் தாண்ட முடியாமல் திணறும். அதனால்தான் சாதாரணமாக ஓடும்போது ஒன்றுமில்லாமல், முழு பாரத்தில் மட்டும் வண்டி விட்டு விட்டு இழுக்கிறது. இடைவெளியை 0.8 மில்லிமீட்டரில் இருந்து 0.6 பக்கம் குறைப்பது இதற்காகத்தான். ஆனால் ஓட ஓட முனை தேய்ந்து இடைவெளி தானாக விரியும் என்பதால், கையேட்டில் போட்ட கிலோமீட்டருக்கு வெகு முன்பே பிளக்கைக் கழற்றி அளந்து பார்க்க வேண்டும். அலட்சியமாக விட்டால் எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் போய் எரிந்து, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை உருக்கிவிடும். சூட்டை வேகமாகக் கடத்தும் "கோல்டு" பிளக் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் கோல்டு, போஷ் பிளக்கில் எண் கூடினால் ஹாட். கம்பெனி மாற்றி வாங்கும்போது எண்ணை மட்டும் நம்பினால் நேர் எதிராகப் போய்விடும்.

நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது) காதுக்குக் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. இன்ஜின் பிளாக்கில் உள்ள நாக் சென்சார் அதிர்வை உணர்ந்ததும் இன்ஜின் கம்ப்யூட்டரான இசியூ பொறி விழும் நேரத்தைத் தள்ளிப்போட்டுச் சமாளிக்கிறது, ஓட்டுபவருக்குக் கொஞ்சம் பவர் குறைந்த மாதிரி இருக்கும், அதுவும் எல்லோருக்கும் தெரியாது. ரீமேப் செய்த அன்றே ஒரு லாக் (ஓடும்போது இசியூ தரும் அளவுகளின் பதிவு) எடுத்து வையுங்கள். பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும் அதே கியர், அதே ஆர்பிஎம், கிட்டத்தட்ட அதே காற்று வெப்பநிலையில் இன்னொரு லாக் எடுத்து ஒப்பிடுங்கள். பொறியின் நேரம் முன்பைவிட அதிகம் தள்ளிப்போகிறதா, நீண்டகால ஃப்யூயல் டிரிம் (பெட்ரோல் அளவில் இசியூ தானாகச் செய்யும் திருத்தம்) பத்து சதவீதத்தைத் தாண்டிக் கூடுகிறதா என்று பார்த்தால் எங்கோ காற்று கசிவதோ, பெட்ரோல் பம்ப் தளர்வதோ உடைவதற்கு முன்பே தெரிந்துவிடும். மாடிஃபை செய்த காருக்கு இதைவிட நல்ல சர்வீஸ் அட்டவணை கிடையாது.

சஸ்பென்ஷனில் பலரும் கோட்டைவிடுவது ரப்பர் புஷ், அதாவது சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் இணைப்பு. அதன் ரப்பர் உள்ளேயும் வெளியேயும் உலோகக் குழாயோடு ஒட்டியிருக்கும், ஆர்ம் மேலும் கீழும் அசையும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கிறது. வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முறுக்கிவிட்டால், தரையில் இறக்கிய நொடியிலிருந்து அந்த ரப்பர் பிழிந்த துணி மாதிரி முறுக்கியே நிற்கும், சீக்கிரம் கிழியும். ஸ்பிரிங்கை மாற்றி உயரத்தைக் குறைத்த வண்டியில், புஷ்ஷை மாற்றாவிட்டாலும் அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, எடை முழுதும் சக்கரத்தில் இருக்கும்போது மறுபடி முறுக்க வேண்டும். பாலியூரித்தேன் புஷ்ஷில் உள்குழாய் சுதந்திரமாகச் சுழலும் என்பதால் இந்தத் தொல்லை இல்லை, அதற்குப் பதில் அவ்வப்போது கிரீஸ் கேட்கும். ஸ்பிரிங் கொஞ்ச நாள் ஓடிப் படிந்தபின் அலைன்மென்ட் பாருங்கள், கூடவே ஹெட்லைட்டின் கோணத்தையும். வீல் மாற்றினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள்.

பிரேக்கில் சொல்ல ஒன்றுதான். வேகம் இருபது சதவீதம் கூடினால் நிறுத்தும்போது வரும் வெப்பம் 44 சதவீதம் கூடும். டாட் 4 தர பிரேக் ஃப்ளூயிட் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்தபின் அந்தக் குறைந்தபட்ச எல்லை 155தான். கொதித்தால் உருவாகும் ஆவி அழுத்தத்தில் சுருங்கும், மிதி அப்படியே உள்ளே போகும். விரட்டி ஓட்டுகிறவர் வருடம் ஒருமுறை மாற்றுவது நல்லது.

வண்டியில் என்ன மாற்றியிருக்கிறது என்று ஒரு தாள் எழுதி, சர்வீஸுக்கு விடும்போது மெக்கானிக்கிடம் கொடுங்கள்: எந்த பிளக், என்ன இடைவெளி, எந்த ஆயில், எந்த இன்ஜெக்டர். இல்லாவிட்டால் அவர் வண்டி நம்பரைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து ஒரிஜினல் பாகத்தையே மாட்டுவார், அது அவர் தப்பில்லை. இசியூவுக்குப் புதிய சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டாம் என்பதை அந்தத் தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஏற்றினால் ரீமேப் அழிந்துபோகும். பெரிய இன்ஜெக்டர் மாட்டிய இன்ஜின் என்றால், பழைய மேப் பழைய இன்ஜெக்டருக்கான நேரக் கணக்கில் அதைத் திறந்து மூடும், ஒவ்வொரு முறையும் தேவைக்கு மேல் பெட்ரோல் பாயும், பட்டறை வாசலைத் தாண்டுவதற்குள் பிளக்குகள் நனைந்து வண்டி நின்றுவிடலாம்.