குதிகால் வலிக்குக் காரணம் அந்த எலும்பு முள் இல்லை

இந்த வாரத்தில் இவர் மூன்றாவது ஆள். கையில் எக்ஸ்ரே, முகத்தில் கலக்கம். "குதிகால்ல எலும்பு வளர்ந்திருக்காம். நடந்தா சதையைக் குத்துமாம். ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா?" குத்திவிடுமோ என்று பயந்தே எட்டு மாதமாக அந்த அம்மா நடைப்பயிற்சியை விட்டுவிட்டார்.

ஒரு பிசியோதெரபிஸ்டாக இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். அந்த முள் குத்துவதால் வலி வருவதில்லை. வலியே இல்லாத எத்தனையோ பேரின் எக்ஸ்ரேயில் அதே முள் இருக்கும். வலியில் துடிக்கிற பலருக்கு முள்ளே இருக்காது. அது ஆணி மாதிரி தரையை நோக்கி நீட்டிக்கொண்டிருப்பதும் இல்லை. விரல்கள் பக்கமாகப் படுக்கைவாட்டில் வளர்ந்திருக்கும். வலி முழுக்கப் போன பிறகு படம் எடுத்துப் பாருங்கள், முள் அங்கேயேதான் இருக்கும். அப்புறம் எதை வெட்டி எடுப்பது?

வலிப்பது, குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் தடித்த நார்ப்பட்டை. காலையில் எழுந்து வைக்கிற முதல் சில அடிகளில் உயிர் போகிறதா, கொஞ்சம் நடந்ததும் குறைகிறதா? அநேகமாக இதுதான். உடல் எடை கூடியது, நாள் முழுக்க நிற்கிற வேலை, திடீரென்று கூட்டிய நடை, இறுகிப்போன கெண்டைக்கால் என்று ஏதோ ஒன்று அந்தப் பட்டைக்குத் தாங்காத சுமையைத் தந்திருக்கும்.

சரி, என்ன செய்வது? படுக்கையை விட்டு இறங்கும் முன்பே, வலிக்கிற காலை மறுதொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்து 10 விநாடி பிடியுங்கள். இப்படி 10 தடவை, தினம் 3 வேளை. சுவரில் கைவைத்துக் கெண்டைக்காலையும் நீட்டுங்கள். வலி சற்றுத் தணிந்ததும், விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். இதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். தேய்ந்த செருப்பைத் தூக்கிப் போடுங்கள். வீட்டுக்குள்ளும் கடினமான தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

பத்து நாள் செய்துவிட்டு "சரியாகலை" என்று வராதீர்கள். இதற்கு மாதங்கள் ஆகும். பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலேயே தீர்ந்துவிடுகிறது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நிம்மதி தரும், உண்மைதான். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் நார்ப்பட்டை கிழியலாம், குதிகாலின் கொழுப்பு மெத்தையும் மெலியலாம். போட்டுக்கொள்ளும் முன் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

எல்லாக் குதிகால் வலியும் இதுவல்ல. குதிகாலை இரு பக்கமும் அழுத்தினால் சுரீரென்று வலித்தால் எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். ஓய்விலும் இரவிலும் வலி, மரத்துப்போதல், சிவந்த வீக்கம், காய்ச்சல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் இறுகிக் கிடந்தால் அது மூட்டு அழற்சி நோயாக இருக்கக்கூடும். சர்க்கரை நோய் உள்ளவர்களே, பாதத்தில் புண்ணோ உணர்வுக் குறைவோ இருந்தால் இந்தப் பயிற்சிகளைச் செய்துபார்த்து ஒரு நாளைக்கூடக் கடத்தாமல் உடனே மருத்துவரிடம் போங்கள், தயவுசெய்து.