இடக்கை மருந்து, வலக்கை மருந்து

சென்னையில் மருந்து வேதியியல் பற்றிய பன்னாட்டுக் கூட்டம் எங்கே நடந்தாலும், போஸ்டர்கள் மாட்டியிருக்கும் பக்கம் ஒருமுறை போய் நில்லுங்கள். ஆராய்ச்சி மாணவி தன் வேலையை விளக்கி முடிப்பதற்குள் எதிரே நிற்பவர் கேட்டுவிடுவார்: “ஈ.ஈ. எவ்வளவு வந்தது?” ஜப்பானிலிருந்து வந்தவரும் அதையேதான் கேட்பார், கிண்டியிலிருந்து வந்தவரும் அதையேதான் கேட்பார். ஈ.ஈ. என்பது enantiomeric excess என்பதன் சுருக்கம். செய்த மூலக்கூறில் வேண்டிய ‘கை’ வேண்டாத ‘கை’யைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்பதுதான் கேள்வி.

மூலக்கூறுக்கு ஏது கை? ஒரு கார்பன் அணுவில் நான்கு வெவ்வேறு தொகுதிகள் ஒட்டியிருந்தால் அவற்றை இரண்டு விதமாக அமைக்கலாம். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். ஒரு ஜோடி செருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அளவு, எடை, தோல் எல்லாம் ஒன்றுதான். மாற்றிப் போட்டால் கால் உடனே சொல்லிவிடும். நம் உடம்பின் புரதங்கள் ஒரே கை அமினோ அமிலங்களால் ஆனவை. அதனால் அவையும் காலைப் போலவே இடது வலது பார்க்கின்றன. மூக்குக்கும் இது தெரியும். புதினாவின் மணத்துக்கும் சதகுப்பை விதையின் மணத்துக்கும் முக்கியக் காரணம் கார்வோன் என்ற ஒரே சேர்மம்தான். கைதான் வேறு.

மருந்துக் கடைக்கு வாருங்கள். தும்மலுக்குத் தரும் செட்ரிசின் மாத்திரை 10 மில்லிகிராம், லெவோசெட்ரிசின் 5 மில்லிகிராம். முதலாவதில் இரண்டு கையும் பாதிப் பாதி. தும்மலைத் தூண்டும் ஹிஸ்டமின் உடம்பில் வந்து ஒட்டும் இடத்தில், அதாவது அதன் ஏற்பியில், இறுகப் பொருந்துவது ஒரு கை மட்டுமே. அதைத் தனியே எடுத்தால் பாதி அளவு போதும்.

இரண்டு கைகளை முதன்முதலில் பிரித்துக் காட்டியவர் லூயி பாஸ்டர். ஆண்டு 1848, அவருக்கு வயது 25. எடுத்துக்கொண்ட பொருள் நம் புளியில் இருக்கும் அதே டார்டாரிக் அமிலம். புளியிலும் திராட்சையிலும் அது ஒரே கையாக இருக்கும். இரண்டும் கலந்த வகையின் சோடியம் அம்மோனியம் உப்பைப் பாஸ்டர் படிகமாக்கினார். உற்றுப் பார்த்தால், படிகத்தின் ஓரத்தில் இருந்த சின்ன முகம் சிலவற்றில் வலப்பக்கமும் சிலவற்றில் இடப்பக்கமும் இருந்தது. அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொன்றாக இடுக்கியால் பொறுக்கி இரண்டு குவியலாக்கினார். தனித்தனியே கரைத்துப் பார்த்தபோது ஒன்று தள முனைவுற்ற ஒளியை (ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியை) வலப்புறம் திருப்பியது, மற்றது இடப்புறம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. இந்த உப்பு சுமார் 27 டிகிரி செல்சியஸுக்குக் கீழே படிகமானால்தான் கைகள் தனித்தனிப் படிகங்களாகும். வெப்பம் அதைத் தாண்டினால் இரண்டும் ஒரே படிகத்துக்குள் சேர்ந்து அமர்ந்துவிடும். பாரிஸ் குளிரில் கிடைத்தது, மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத ஆய்வகத்தில் கிடைத்திருக்காது.

சரி, பொறுக்கிப் பிரித்தால் பாதிச் சரக்கு வீணாகிறதே. வேண்டிய கையை மட்டும் செய்ய முடியாதா? முடியும், ஆனால் வினையை முடுக்கிவிடும் வினையூக்கிக்கே ஒரு கை இருக்க வேண்டும். 2000-இல் வேதியியலாளர் பெஞ்சமின் லிஸ்டும் அவருடன் பணியாற்றியவர்களும் புரோலின் என்ற எளிய அமினோ அமிலத்தை எடுத்து, அசிட்டோன், ஓர் ஆல்டிஹைடு என்ற இரண்டு கார்பன் சேர்மங்களை இணைத்தார்கள். புரோலினின் நைட்ரஜன் அசிட்டோனைப் பிடித்துக்கொள்கிறது. புரோலினின் அமில முனை, ஹைட்ரஜன் பிணைப்பால் ஆல்டிஹைடை இழுத்து ஒரு பக்கமாக நிறுத்துகிறது. அந்தப் பக்கத்திலிருந்தே புதிய பிணைப்பு உருவாகிறது. வேலை முடிந்ததும் புரோலின் கழன்று அடுத்த ஜோடியைத் தேடிப் போகிறது. உலோகம் எதுவும் தேவைப்படவில்லை. இந்த வழியைத் திறந்ததற்காக லிஸ்டுக்கும் டேவிட் மேக்மில்லனுக்கும் 2021-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த முதல் சோதனையில் வந்த ஈ.ஈ. 76. அதாவது 100 மூலக்கூறில் 88 ஒரு கை, 12 மறு கை, கழித்தால் 76. மருந்துக்கு இது போதாது. 99-ஐத் தாண்டத்தான் எல்லோரும் பாடுபடுகிறார்கள். அளப்பதற்கும் கை உள்ள பொருள்தான் வேண்டும். ஒரே கை மூலக்கூறு பூசிய துகள்களைக் குழாயில் அடைத்து, அதன் வழியே கரைசலைச் செலுத்துவார்கள். ஒரு கை சீக்கிரம் வெளியே வரும். மற்றது ஒட்டி ஒட்டித் தாமதமாக வரும். வெளியே வருவதைப் பதிவு செய்யும் தாளில் இரண்டு முகடுகள் விழும். போஸ்டரின் மூலையில் அந்தப் படம் சின்னதாக இருக்கும். வந்தவர்கள் எல்லாரும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்ப்பது, உயரமான முகட்டுக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகக் கிடக்கும் இன்னொன்றைத்தான்.