'சகோதர இரட்டையர்' என்று இனி எழுதாதீர்கள்

போன மாதம் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு வீட்டில் குழந்தைகளுக்கு முப்பதாம் நாள். இரட்டைப் பெண் பிள்ளைகள். ஒருத்தி நல்ல கறுப்பு, இன்னொருத்தி சந்தன நிறம். தொட்டிலை எட்டிப் பார்த்தவர்கள் அடுப்படிப் பக்கம் போய்க் குசுகுசுத்தார்கள். அதைப் பொறுக்காத தாய்மாமன் கைப்பேசியைப் பார்த்துச் சத்தமாகவே வாசித்தான்: "இவர்கள் சகோதர இரட்டையர். நிறம் மாறியும் பிறக்கலாம்." பல வருடம் பால்மரம் வெட்டிய பாட்டி கேட்டார்: "ரெண்டும் பொம்பளப்புள்ளயா இருக்கே, சகோதரன் எங்கருந்துடா வந்தான்?" பையனிடம் பதில் இல்லை.

பாட்டி கேட்டது சரியான கேள்வி. வானொலியிலும் நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களிலும் இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது.

தனித்தனிச் சினைமுட்டையிலிருந்து உருவாகும் இரட்டையரை ஆங்கிலத்தில் 'ஃபிரட்டர்னல்' என்பார்கள். லத்தீனில் 'ஃபிராத்தர்' என்றால் உடன்பிறந்தவன். அறிவியல் பெயர் 'டைசைகோட்டிக்'. 'டை' என்றால் இரண்டு. 'சைகோட்' என்பது கிரேக்கத்தில் நுகத்தில் பூட்டியது. சினைமுட்டையும் விந்தணுவும் இணைந்தது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அதன் பெயரே 'நுகம்'தான்.

சரி, 'சகோதர' என்பதில் என்ன கோளாறு? வடசொல் என்பதால் நான் சண்டை போடவில்லை. அதன் பொருளைப் பாருங்கள்: சக உதரம், ஒரே வயிறு. ஒரே வயிற்றில் பிறக்காத இரட்டையர் உண்டா? ஒரே அச்சாகப் பிறப்பவர்களும் சகோதரர்தானே! இரண்டு வகையைப் பிரித்துக் காட்ட வந்த சொல் எதையுமே பிரிக்கவில்லை. முன்னே பின்னே பிறந்த அக்கா தங்கை போலத்தான் இந்த இரட்டையரும் என்பதே ஆங்கிலச் சொல்லின் கருத்து. மொழிபெயர்ப்பாளர் கருத்தை விட்டுவிட்டு அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து வைத்துவிட்டார்.

நம் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் மலாயில் படிப்பது 'கெம்பார் தாக் செஇராஸ்', சாயல் ஒவ்வாத இரட்டையர். இது பரவாயில்லை. ஆனாலும் இந்த வகையில் சாயல் ஒத்துப்போகிறவர்களும் உண்டு. 'இருகரு இரட்டையர்' என்பதும் புழங்குகிறது. இதுவும் குழப்பும், ஒரே முட்டை பிரிந்து உண்டாகும் இரட்டையரும் கடைசியில் இரண்டு கருவாகத்தானே வளர்கிறார்கள்? எல்லாவற்றையும்விட மோசம், நிறம் மாறிப் பிறந்த குழந்தைகளை 'கலப்பின இரட்டையர்' என்று தலைப்புப் போடுவது. அடுப்படிக் குசுகுசுப்புக்கு அது எண்ணெய் ஊற்றுகிறது.

என் முடிவு 'இருமுட்டை இரட்டையர்'. ஒரே முட்டை பிரிந்து பிறப்பவர்கள் 'ஒருமுட்டை இரட்டையர்'. ஜெர்மானியர்கள் அவர்கள் மொழியில் இப்படித்தான் சொல்கிறார்கள். முட்டை என்று எழுதக் கூச்சப்படுகிறவர்கள் சினைமுட்டையை நினைத்துக்கொள்ளட்டும்.

இந்தப் பெயரிலேயே நிறத்துக்கான விளக்கமும் இருக்கிறது. தோலின் நிறத்தை ஒரு மரபணு முடிவு செய்வதில்லை. மெலனின் நிறமியைக் கூட்டவும் குறைக்கவும் பல மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று 2005இல் வரிக்குதிரை மீனை ஆராய்ந்தபோது தெரியவந்த எஸ்எல்சி24ஏ5. அதன் வெளிர்நிற வடிவம் ஐரோப்பியர் ஏறக்குறைய எல்லோரிடமும் உண்டு. தென்னாசியரில் சிலரிடம் இருக்கும், சிலரிடம் இருக்காது. அதனால் ஒரே தமிழ்க் குடும்பத்தில் இரண்டு வடிவமும் ஓடலாம். ஒவ்வொரு முட்டையும் தாயின் மரபணுக்களில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும், ஒவ்வொரு விந்தணுவும் தகப்பனுடையதில் பாதியை. எந்தப் பாதி என்பது ஒவ்வொரு முறையும் மாறும். இரண்டு முட்டை, இரண்டு விந்தணு என்றால் இரண்டு தனிச் சேர்க்கை. அப்புறம் ஒருத்தி கறுப்பாகவும் ஒருத்தி வெளுப்பாகவும் வருவதற்கு இரண்டு அப்பா எதற்கு? ஒருமுட்டை இரட்டையரிடம் இது நடக்காது, அவர்களுக்கு மரபணுக்கள் கிட்டத்தட்ட ஒன்றே.

அன்று பாட்டியிடம் நான் சொன்னது ஒரு வரிதான்: "ரெண்டும் வேற வேற முட்டை, பாட்டி."

"அதத்தான் மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்றார். "ஒரே அடையில கறுப்புக் குஞ்சும் வரும், வெள்ளக் குஞ்சும் வரும்." சொல்லிவிட்டு எழுந்து, அடுப்படிப் பெண்களிடம் போய் அதையே உரக்கச் சொன்னார்.